பழைய கேஸ் ஷீட் யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சதும் வீட்டு பீரோவில் இருக்கும் மருத்துவக் காகிதங்களை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்க.

சில மாதங்களுக்கு முன் அரூரில் என் கிளினிக்குக்கு ஒரு அப்பா வந்தார். சித்தேரி மலையடிவாரத்து ஊர்க்காரர். கையில் மஞ்சப்பை.

"சார், பதினோரு வருசத்துக்கு முன்னாடி எம் பையனுக்கு நீங்கதான் கால்ல கட்டுப் போட்டீங்க. அந்தப் பேப்பர் வேணுமாம். வக்கீல் கேக்குறாரு."

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகும் இளைஞன். லாரி மோதி வலது காலில் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், "உங்க பையனுக்கு ஏற்கனவே கால்ல அடிபட்டிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வெள்ளந்தி. "ஆமாங்க, சின்ன வயசுல ஒருதடவை கட்டுப் போட்டோம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நொண்டல் விபத்தால் வந்தது இல்லை, பழைய கோளாறு என்று அந்தத் தரப்பு வாதத்தை மாற்றிக்கொண்டது.

அடிபட்டது எந்தக் கால்? அப்பா இடது கால் என்கிறார். காகிதம் வேண்டும்.

நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்த வழக்கு மட்டுமில்லை. அவர் கேட்ட விதம். என் சொத்தில் ஒரு பங்கைக் கடனாகக் கேட்பது போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் உடம்பிலிருந்து பிறந்த பிள்ளையின் எலும்பைப் பற்றி நான் எழுதி வைத்த குறிப்பு. அது யாருடையது?

சிரிக்காதீங்க. இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க உச்ச நீதிமன்றங்கள் வரை போய் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் வெகு சமீபத்தில்.

முதலில் ஆஸ்திரேலியா. 1977ல் சிட்னியில் ஒரு பெண்ணுக்கு மார்பகத்தில் சிலிக்கான் பை வைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கட்டி கட்டியாக இறுகியது. 1984ல் வேறொரு மருத்துவர் திறந்து பார்த்தபோது சிலிக்கான் கசிந்திருந்தது. இது அவருக்கு மட்டும் நடந்தது அல்ல. அமெரிக்காவில் ஏராளமான பெண்கள் சேர்ந்து தயாரிப்பு நிறுவனங்கள் மீது வழக்குப் போட, பெரிய இழப்பீட்டு உடன்பாடு ஒன்று உருவானது. அதில் சேர 1994 டிசம்பர் 1 வரைதான் கெடு. சேர என்ன வேண்டும்? பழைய மருத்துவ ஆவணங்களின் நகல்.

அந்த அம்மா, முதலில் ஆபரேஷன் செய்த டாக்டர் வில்லியம்ஸிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலைக் கவனிங்க: "என் மீது எந்த வழக்கும் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் தருகிறேன்." இத்தனைக்கும் அந்த அம்மா வழக்குப் போடப் போனது பை செய்த கம்பெனி மேல். டாக்டர் மேல் இல்லை. மருத்துவர்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தின் ஆலோசனைப்படிதான் அவர் அப்படிச் சொன்னார். அதாவது அது ஒரு தனி மனிதரின் குணக்கேடு அல்ல, தொழிலின் அன்றைய மனநிலை.

வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே அதுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம். 1996 செப்டம்பரில் 'பிரீன் எதிர் வில்லியம்ஸ்' தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஒருமனதாக அந்த அம்மாவுக்கு எதிராகச் சொன்னார்கள். குறிப்பேடு மருத்துவரின் சொத்து, நோயாளிக்கு அதைப் பார்க்கும் உரிமை பொதுச் சட்டத்தில் இல்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் போடட்டும். பின்னர் சட்டம் வந்தது. தனியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2001 டிசம்பரிலிருந்து தனியார் மருத்துவரிடமிருந்தும் ஆவணத்தைப் பெறும் உரிமையைக் கொடுத்தார்கள். கேட்ட அம்மாவுக்கு அது எந்த விதத்திலும் உதவியிருக்காது, கெடு முடிந்து ஏழு வருஷம்.

இதே கேள்விக்குக் கனடாவில் நேர்மாறான பதில் வந்திருந்தது. அங்கே ஒரு பெண் பல வருஷமாகப் பல மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். புதிதாகப் பார்த்த டாக்டர் மெக்கினர்னி என்ற பெண் மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். அப்போ இத்தனை நாளும் எதற்குச் சாப்பிட்டேன் என்று நோயாளிக்குச் சந்தேகம் வராதா? முழு ஃபைலையும் கேட்டார். டாக்டர், தான் எழுதியதைக் கொடுத்தார். மற்ற மருத்துவர்கள் அனுப்பியிருந்ததை மட்டும் கொடுக்கவில்லை, அது அவர்களுடையது என்றார். நேர்மையான தயக்கம்தான்.

1992 ஜூன் 11 அன்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காகிதம் மருத்துவருடையது. ஆனால் அதில் இருக்கும் செய்தி நோயாளியுடையது. நோயாளி நம்பி ஒப்படைத்ததை மருத்துவர் அவருக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார், கேட்டால் நகல் கொடுக்க வேண்டும், அதில் மற்ற மருத்துவர்கள் அனுப்பியதும் அடக்கம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. நகைக் கடையில் பழுது பார்க்கக் கொடுத்த சங்கிலி மாதிரி. டப்பா அவருடையது, சங்கிலி உங்களுடையது.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1990ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1991 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதிலும் பொதுவாக அந்தத் தேதிக்குப் பிறகு எழுதிய குறிப்புகளுக்குத்தான் உரிமை.

சரி, நம்ம நாடு?

1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மருத்துவம் அதற்குள் வருமா வராதா என்று ஒன்பது வருஷம் இழுபறி. வராது என்று 1994ல் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். அன்றைக்கு டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அது நீடிக்கவில்லை. 1995 நவம்பர் 13ல் உச்ச நீதிமன்றம், 'இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா' வழக்கில், காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் 'சேவை'தான், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. (இந்தச் சாந்தாவை நம்ம அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் சாந்தா அம்மாவோடு குழப்பிக்காதீங்க. வேறு ஒருவர்.) எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் மருத்துவமனை மட்டும் இதில் வராது.

வழக்குப் போடலாம் என்று கதவு திறந்தாச்சு. உள்ளே போக ஆதாரம் வேண்டுமே? அது டாக்டர் மேஜை டிராயரில் அல்லவா இருக்கிறது! அடுத்த வருஷமே, 1996ல், ரகுநாத் ரஹேஜா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டிராயரையும் திறந்தது. நோயாளியோ நெருங்கிய உறவினரோ கேட்டால், உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு கேஸ் பேப்பரின் நகலைக் கொடுத்தே ஆக வேண்டும், ரகசியம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்றது. மருத்துவ ரகசியம் என்பது ஊராரிடமிருந்து காப்பதற்கு. நோயாளியிடமிருந்தே காப்பதற்கு அல்ல. இதை நீதிமன்றம் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

2002ல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை நெறிமுறை வந்தது. எல்லா டாக்டருக்கும் பொருந்தும் எழுத்துபூர்வ விதி இதுதான். உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ, சட்ட அதிகாரிகளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று அந்த விதியில் ஒரு வார்த்தை கூட இல்லை, கவனிச்சீங்களா? "எதுக்கு? கேஸ் போடப் போறியா?" என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

(2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது நெறிமுறை கொண்டு வந்து, அதே மாதமே நிறுத்தி வைத்தது. ஆகவே 2002 விதியே தொடர்கிறது.)

இப்போ அந்த '3 வருஷம்' என்பதைக் கையில் பிடிச்சுக்கோங்க. எனக்கு நெருடுவது அங்கேதான்.

கனடா தீர்ப்பு வந்தது 1992 ஜூன் 11 என்று சொன்னேன் இல்லையா. அதற்குச் சரியாக ஒன்பது நாள் கழித்து, ஜூன் 20, அரூருக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் சந்தன மரம் தேடுகிறோம் என்று நுழைந்தார்கள். வாச்சாத்தி. எங்க பக்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் விளக்கம் தேவையில்லை. வீடுகள் நொறுக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டு போனார்கள். பிறகு சேலம் சிறை. குற்றவாளிகளாகக் காட்டப்பட்டது ஊர் மக்கள்தான்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் விடாமல் போராடி, 1995ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 1996ல் குற்றப்பத்திரிகை. தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது.

ஒரு டாக்டராக நான் போடும் கணக்கு இது. முதல் தீர்ப்புக்கு 19 வருஷம். இழப்பீட்டு உத்தரவுக்கு 31 வருஷம். அந்த ஜூன் மாதம் அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் ஏதோ ஒரு மருத்துவமனையில் காயத்துக்குப் படுத்திருந்தார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பின்னாளில் வந்த 3 வருஷ விதியை அதற்குப் பொருத்திப் பார்த்தால், அந்தக் காகிதத்தை 1995 ஜூனில் எரித்துவிடலாம். குற்றப்பத்திரிகை வந்ததே அதற்குப் பிறகு.

போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்ட ஆவணத்தை வழக்கு முடியும் வரை எடுத்து வைப்பது வழக்கம்தானே என்பீர்கள். சரி. ஆனால் வழக்கே அவர்கள் மீதுதான் இருந்தது. எந்தக் காகிதம் நாளைக்குச் சாட்சியாகும் என்று எந்த ரெக்கார்டு ரூம் ஊழியருக்குத் தெரியும்? அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பெண்களின் வாய்ச் சொல். இருபது வருஷம் கழித்தும் மாறாமல் சொன்ன சாட்சியம். அதை நம்பத்தகுந்தது என்று இரண்டு நீதிமன்றங்களும் ஏற்றன. எல்லா ஏழைக்கும் எல்லா வழக்கிலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்வதே தப்பு, முப்பது வருஷம் அலைந்திருக்கிறார்கள்.

போபாலையும் நினைச்சுப் பாருங்க. 1984 டிசம்பரில் விஷவாயு. 1989ல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று பிரித்தது மருத்துவக் காகிதங்களை வைத்து. அந்த இரவில் கண்ணெரிச்சலோடு ஓடியவர்கள் ஓ.பி. சீட்டையா பத்திரப்படுத்தியிருப்பார்கள்? பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவ விவரங்களைக் கணினியில் ஏற்றுங்கள், ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கையேடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2012ல். 28 வருஷம் கழித்து!

சாதாரண விஷயத்துக்கு வருவோம். பிரசவத்தில் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது. 1963ம் வருஷத்து காலவரையறைச் சட்டப்படி, மைனர் தன் 18 வயது முடிந்த பிறகும் சிவில் வழக்குத் தொடர முடியும், 3 வருஷம் வரை. அதாவது 21 வயது வரை வழக்கு உயிரோடு இருக்கும். பிரசவ கேஸ் ஷீட் அந்தக் குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளோடு சட்டப்படி செத்துவிடும். இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதே இல்லை போல.

இன்னொரு ஓட்டை. 2002 விதி பேசுவது உள்நோயாளியைப் பற்றி. எங்க ஊரில் முக்கால்வாசி வைத்தியம் ஓ.பி.தான். ஊசி போட்டு, கட்டுப் போட்டு, மாத்திரை எழுதி, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். அந்தச் சீட்டுதான் உங்க கேஸ் ஷீட். அதன் ரெக்கார்டு ரூம் நீங்கதான். அதைக் கூரையில் செருகி வைத்து, மழையில் ஊறி, கரையான் தின்று... எத்தனை பார்த்திருக்கிறேன்.

அதனால் சில வேலைகள் சொல்றேன், செஞ்சு வைங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. அது சுருக்கம். பெரிய ஆபரேஷன், விபத்து, பிரசவச் சிக்கல் என்றால், முழு கேஸ் ஷீட் நகலும் வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்க. நோயாளி பெயர், ஐ.பி. நம்பர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போதும். அந்த மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. 72 மணி நேரம் ஓட ஆரம்பிப்பது அந்த முத்திரையிலிருந்துதான். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்க. ஜெராக்ஸ் செலவை அவர்கள் கேட்பது நியாயம், கொடுத்துடுங்க.

அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கு. 10 ரூபாய், 30 நாள். விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியையும் காயச் சான்றையும் மறக்காதீங்க. அதில்தான் முதன்முதலில் எந்தக் கை, எந்தக் கால் என்று எழுதியிருக்கும்.

இ.சி.ஜி. காகிதத்தை உடனே ஜெராக்ஸ் எடுங்க. அது சூட்டால் கோடு விழும் காகிதம், சில வருஷத்தில் வெளுத்துடும். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் பண்ணிடாதீங்க, அந்தச் சூட்டில் மொத்தமா கறுத்துப் போகும். ஒருத்தர் அப்படிக் கறுப்பு அட்டையாகக் கொண்டு வந்து "இதைப் படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். என்னத்தைப் படிக்க?

நாள் முக்கியம். நுகர்வோர் வழக்குக்கு 2 வருஷம்தான். வாகன விபத்து இழப்பீட்டுக்குக் கெடு 1994ல் எடுக்கப்பட்டு, 2019 திருத்தத்தில் 6 மாதம் என்று திரும்பச் சேர்க்கப்பட்டது, 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. நீங்க அதை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் வக்கீலைப் பாருங்க.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேப்பர் கேட்டு வருபவர் எல்லாம் நம்மைக் கூண்டில் ஏற்ற வரவில்லை. பெரும்பாலும் எதிரி இன்சூரன்ஸ் கம்பெனி, அல்லது பென்ஷன் ஆபீஸ். நம் மீதே வழக்கு என்றாலும், கையில் இருக்கும் ஆவணத்தைக் காட்டாமல் ஒளித்தால் அது நமக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 1872ம் வருஷத்து சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விஷயம் இது. சரியாக வைத்தியம் பார்த்தும், ஷீட்டைத் தொலைத்ததால் தோற்ற டாக்டர்கள் உண்டு. பின்னாடி உட்கார்ந்து புதிதாக எழுதிச் சேர்ப்பது அதைவிட மோசம், மையும் கையும் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த அப்பாவிடம் வருகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஓ.பி. கேஸ். விதிப்படி நான் எதையும் வைத்திருக்கத் தேவையில்லை, கைவிரித்திருந்தால் யாரும் கேட்க முடியாது. எக்ஸ்ரே ஃபிலிமை அன்றே அவரிடம் கொடுத்துவிட்டேன், அது வீடு மாறும்போது போய்விட்டதாம். ஆனால் கிளினிக்கில் தினசரி நோயாளிகளை எழுதும் நீள நோட்டு ஒன்று உண்டு. பழையவற்றை லாஃப்டில் போட்டு வைத்திருந்தேன், பாதுகாக்க வேண்டும் என்று இல்லை, எடைக்குப் போடச் சோம்பல். கம்பவுண்டர் தம்பி ஏறித் தேடினார். அப்பாவுக்கு வருஷம் சரியாகத் தெரியவில்லை. "மூத்தவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன வருசம் சார், ஆடி மாசம்" என்றார். அதை வைத்து மூன்று நோட்டைப் புரட்டினோம்.

கிடைத்தது. பெயர், வயசு 9, ஊர், இடது கணுக்கால், எக்ஸ்ரே, மாவுக்கட்டு, 3 வாரம். ஒரே வரி. நல்லவேளை, 'இடது' என்பதற்கு நான் எழுதும் எழுத்து அன்று வாசிக்கும்படி இருந்தது. என் கையெழுத்து தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மற்ற நோயாளிகளின் பெயர்களை மறைத்து அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, 'அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு ஆவணம் என்னிடம் இல்லை என்பதையும் தனியாக ஒரு கடிதத்தில் எழுதினேன். நகலை மட்டும் வைத்துக் கோர்ட் ஏற்காமல் போகலாம், அப்போது சம்மன் வரும், அசல் நோட்டை எடுத்துக்கொண்டு நானே போய்ச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

"உங்க வேலையெல்லாம் கெட்டுப் போகுமே சார்" என்றார்.

"ஒரு நாள் கிளினிக் லீவு விட்டா ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். நகலை நாலாக மடிக்கப் போனவரைத் தடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். நோட்டை லாஃப்டுக்கு அனுப்பவில்லை. மேஜை டிராயரிலேயே இருக்கிறது.